கடைமடைக் குழந்தைகள்

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையேறிவிட்டால், தென்காசிக்கு வரும் ரயில்களிலும் பஸ்களிலும் இடம் கிடைப்பது அரிது. தமிழ் நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் குற்றாலத்தை நாடி வருகிறார்கள். பேரருவியிலும், ஐந்தருவியிலும், பழைய அருவியிலும் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியின் வாயிலாக மலைவளம் பாடுவித்த அந்த மலையில் சாரல் இறங்கும்போது, அதில் நனையவேண்டுமென்ற ஆசை யாருக்குத்தான் இராது? அருவி மனிதருக்குள் பேதம் பார்ப்பதில்லை. மந்திரியின் தலையில் எந்த வேகத்தோடு விழுகிறதோ, அதே வேகத்தோடுதான் மூட்டை தூக்கிப் பிழைப்பவன் தலையிலும் விழுகிறது.

ஆனால் அருவியில் குளித்தவன் கால்நாழிகையில் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விடுகிறான். தென்காசிச் சீமை பிழைப்பது அந்தக் குளியலால் அல்ல. அருவிகளில் விழுந்த நீர் சிற்றாறாகி இறங்குகிறது. நம் முன்னோர்கள் அந்த ஆற்றின் குறுக்கே இடத்துக்கு இடம் அணை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், குளங்களில் நீரைத் தேக்கினார்கள், மடை வைத்து வயலுக்கு விட்டார்கள். சாரல் நின்று, வந்த கூட்டம் ஊர் திரும்பி, கடைகள் மூடப்பட்ட பிறகும் நெற்பயிர் நிற்கிறதென்றால் அது குளத்து நீரால் நிற்கிறது. குளத்தின் யோக்கியதையைப் பார்க்க விரும்புகிறவன் தலைமடையில் போய் நிற்பதில்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் விசாரிப்பான். இது விவசாயம் தெரிந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கார் செய்யும் உதவிகளைப்பற்றி இன்று எழுத உட்கார்ந்தபோது, இந்தக் குளமும் மடையுமே நம் மனத்தில் முதலில் வந்து நின்றன. அந்த உதவிகள் கொஞ்சமல்ல. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் அவற்றுக்கு உண்டு. அந்தச் சரித்திரத்தைப் பார்த்துத் தமிழர்கள் பெருமைப்படுவது நியாயமே. அதன் கடைமடையில் இன்னும் நீர் ஏறாத ஒரு வயல் இருக்கிறது. அதைத்தான் நம் நேயர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுவோம். 1920-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஸர் பி. தியாகராய செட்டியார் தலைமை வகித்த சென்னைக் கார்ப்பொரேஷன், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவதென்று தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்பது நிபந்தனை. சில வருஷங்களுக்குள் அன்னிய சர்க்கார் செலவைக் காரணங்காட்டிக் குறுக்கே நின்றதால் அந்த முயற்சி தடைப்பட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. 1956-ல் ஸ்ரீ காமராஜ் முதல் மந்திரியாயிருந்தபோது, பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலே, பழைய திருநெல்வேலி ஜில்லாவின் மண்ணிலே, மதிய உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. அப்போது சர்க்காரின் கஜானா மாத்திரம் அதற்கு ஆதாரமாக இருக்கவில்லை. ஊரார் கொடுத்த நெல்லும் பருப்பும் விறகும் ஆதாரமாக இருந்தன. 1982 ஜூலை 1-ம் தேதி ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பள்ளிக்கு இன்னும் போகாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் இலை போடப்பட்டது. பின்னர் வந்த மந்திரிசபைகள் முட்டையைச் சேர்த்தன. 2022 செப்டம்பர் 15-ம் தேதி ஸ்ரீ மு. க. ஸ்டாலினின் மந்திரிசபை மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த வருஷம் ஆகஸ்டில் ராஜ்யத்திலுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்தும், 2024-ல் கிராமங்களிலுள்ள உதவி பெறும் பள்ளிகள், 2025-ல் நகரங்களிலுள்ளவை. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு பிள்ளைகளின் தட்டில் விழுகின்றன.

ஒரு கட்சி ஆரம்பித்ததை மற்றொரு கட்சி ஒழிக்காமல் வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நம் நாட்டு அரசியலில் இது எளிதில் காணக்கூடிய காட்சியல்ல. "பிச்சைக்காரர்களை உற்பத்தி செய்கிறார்கள்" என்றும், "பள்ளிக்கூடத்தைச் சத்திரமாக்குகிறார்கள்" என்றும் அந்தந்தக் காலத்தில் பேசிய கண்யவான்கள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும், வந்தவர்கள் படித்ததும், படித்தவர்கள் நாட்டின் உத்தியோகங்களையும் தொழில்களையும் நடத்த முன்வந்ததும் அவர்களுக்குப் பதிலாயிற்று. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இந்தியா முழுவதிலும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கவேண்டுமென்று உத்தரவிட்டபோது, தமிழ் நாடு புதிதாக அடுப்பு மூட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்த வெற்றிக்குக் காரணம் என்ன? உணவு சர்க்காரின் இரக்கத்தைப் பொறுத்ததாக இல்லாமல் ஒரு விதியாகிவிட்டது. தினந்தோறும், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், வந்த பிள்ளைக்கெல்லாம் உண்டு. யாரும் மனுப்போட வேண்டியதில்லை. எந்த ஏழையும் தான் ஏழை என்று அத்தாட்சி காட்ட வேண்டியதில்லை. சாரலைப்போல வருவதும் போவதுமாக இராமல் குளத்து நீரைப்போல நிலைத்தது. ஆகையால் பயன் விளைந்தது.

இனிக் கடைமடைக்கு வருவோம்.

சென்ற சாரல் காலத்தில் நாமும் குற்றாலம் போயிருந்தோம். ஒரு நாள் காலையில், அருவிக்கரைக் கூட்டத்தை விட்டுத் தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நம் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குச் சென்றோம். தெருவின் இரு பக்கமும் திண்ணைகள். பெரும்பாலான திண்ணைகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் இரவு நனைத்து வைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, புகையிலைத் தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடித்து, நூலால் கட்டுகிறார்கள். பார்க்கிறவனுக்கு அது கைவித்தை. செய்கிறவளுக்கு முதுகு நோவு. மத்திய இந்தியக் காடுகளில் பறித்த இலை நம் ஊர்த் திண்ணைக்கு வந்து, பீடியாகி, மறுபடி தேசமெங்கும் போகிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று எத்திசையில் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படாமல் இராது.

நாம் போன வீட்டுக்கு எதிர்த் திண்ணையில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவளுடைய மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள். காலைச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். நான்கு வயதுப் பையன் அங்கன்வாடிக்குப் போயிருந்தான். மத்தியானச் சாப்பாடு அவனுக்கு அங்கே. மூன்றாவது, ஒன்பது மாதக் குழந்தை. உத்தரத்தில் சேலைத் தொட்டில். கையெட்டும் தூரத்தில் சுளகு. தூள் தட்டும்போதெல்லாம் அதன் நெடி தொட்டிலைத் தாண்டிப் போயிற்று.

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படியம்மா வேலை நடக்கிறது?" என்று கேட்டோம்.

"இவன் தூங்குனாத்தான் ஐயா சுளகு நிறையும். முழிச்சிட்டான்னா பாலு குடுக்கணும். கை நின்னா கூலியும் நின்னு போவும்லா? அதான் அழுதாலும் ஒரு கட்டு முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கது" என்றாள். ஒளிவு மறைவு இல்லாமல், வெட்கமும் இல்லாமல் சொன்னாள். நமக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"பாஸ் புத்தகம் உன் பேரில் இருக்கிறதா?"

"எங்க அத்தை பேர்ல இருக்கு ஐயா. அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நாந்தான் சுத்துதேன்."

இந்த இரண்டு பதில்களையும் நம் நேயர்கள் சிறிது நின்று யோசிக்கவேண்டும். மூத்த பெண்ணைச் சர்க்கார் கண்டுகொண்டது. இரண்டாவது பையனையும் கண்டுகொண்டது. மூன்றாவது குழந்தை சர்க்காரின் கண்ணில் பட்டது எடை போடும் நாளிலும், தடுப்பூசி நாளிலும், சத்துமாவுப் பொட்டலம் கொடுக்கும் நாளிலும் மாத்திரமே. மற்ற நாளெல்லாம் அது தாயின் பொறுப்பு. அந்தத் தாயோ, சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாகவே இல்லை. அவளுடைய மாமியார்தான் தொழிலாளி.

நாம் சட்டம் படித்தவர்களாகையால், சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பது வழக்கம். 1966-ம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் மிக நல்ல எண்ணத்தோடு இயற்றப்பட்டது. முதலாளியோ கண்டிராக்டரோ கொடுக்கும் இலையையும் தூளையும் வாங்கி வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று அது ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் குழந்தைக் காப்பகத்தைப்பற்றிய ஷரத்துக்கு வந்தவுடன் அதே சட்டம் சுருங்கிவிட்டது. தொழிற்கூடம் ஒன்றில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால், அங்கே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. நூறு பெண்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சுற்றினால் காப்பகம் உண்டு. அதே நூறு பெண்கள் ஒரே தெருவில் நூறு திண்ணைகளில் உட்கார்ந்து அதே கடைக்குச் சுற்றினால் இல்லை. குழந்தையின் அழுகையில் இதனால் என்ன வித்தியாசம் ஏற்படுகிறது? அந்தச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பரில் அமுலுக்கு வந்தது. அதிலும் காப்பகம் என்பது ஸ்தாபனத்தையும், அதில் வேலை செய்வோரின் தொகையையும் பொறுத்ததாகவே இருக்கிறது. திண்ணை இன்னமும் ஸ்தாபனமாகவில்லை.

பிரசவகால விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நாட்டுச் சர்க்கார் தன் பெண் உத்தியோகஸ்தர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கிறது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். 2017-ல் திருத்தப்பட்ட மத்திய சட்டம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு 26 வாரம் கொடுத்தது. ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாமென்று டாக்டர்கள் சொல்வதற்கும் அந்த 26 வாரத்துக்கும் பொருத்தமிருக்கிறது. மாமியாரின் பாஸ் புத்தகத்தில் பீடி சுற்றுகிறவளுக்கு எத்தனை வாரம்? அவளுக்குக் கிடைக்கக்கூடியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பேரால் 1987-ல் ஏற்பட்ட மகப்பேறு உதவித் திட்டம். 2018-ல் அதன் மதிப்பு 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைத் தாய்க்கு இது சிறிய தொகையல்ல. ஆயினும் அது தவணைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தவணைக்கும் ஒவ்வொரு நிபந்தனை நிறைவேறி, பாங்கிக் கணக்குக்கு வரவேண்டும். முதலிரண்டு பிரசவங்களுக்கு மேல் கிடையாது. நாம் கண்ட மூன்றாவது குழந்தை, தான் மூன்றாவதாகப் பிறந்த குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகுமா?

பீடித் தொழிலாளர் நலநிதியின் கதையும் சொல்லத்தக்கது. 1976-ல் பார்லிமெண்டு பீடியின்மேல் ஒரு சிறு வரி விதித்து, அந்த வருமானத்தைத் தொழிலாளரின் வைத்தியத்துக்கும், வீட்டுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிட ஒரு நிதி ஏற்படுத்திற்று. தொழிலிலிருந்து வந்த பணம் தொழிலாளிக்கே திரும்பிற்று. சொந்தக் கால்வாயுள்ள குளம் என்று அதைச் சொல்லலாம். 2017-ல் சரக்கு-சேவை வரி வந்தபோது அந்தத் தனி வரி எடுபட்டுப்போயிற்று. உதவிகள் நின்றுவிடவில்லை, ஆனால் அவற்றுக்கான பணம் வருஷந்தோறும் டில்லியின் பட்ஜெட்டிலிருந்து வரவேண்டியதாயிற்று. கால்வாயைத் தூர்த்துவிட்டு, குளத்தை மழைக்கு விட்டுவிட்ட கதைதான்.

இவ்வளவும் ஒரு தொட்டில் குழந்தைக்காகவா என்று சிலர் கேட்கலாம். ஆம், அதற்காகத்தான். கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்த நாள் வரையிலுள்ள சுமார் ஆயிரம் நாட்களில்தான் மனிதனுடைய மூளையும் எலும்பும் இரத்தமும் பெரும்பாலும் உருவாகின்றன என்று இக்கால வைத்திய சாஸ்திரம் உறுதியாகச் சொல்கிறது. அப்போது ஏற்பட்ட குறையை ஐந்தாம் வயதில் போடும் பொங்கலால் முழுதும் ஈடுசெய்ய முடியாது. தமிழ் நாட்டில் 2020-ல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 28. நம் தாதிகளும் டாக்டர்களும் இதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் குழந்தை சாகாமல் இருப்பது வேறு, நன்றாக வளர்வது வேறு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்குரிய உயரமில்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ளவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. தாய்மார் வயதிலுள்ள பெண்களிலும் நூற்றுக்கு 53 பேருக்கு அதே வியாதி. பிள்ளைகளின் இரத்தச்சோகை அதற்கு முந்திய ஆய்வில் நூற்றுக்கு 51-ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. நூறு வருஷம் சோறு போட்டுப் பழகிய ராஜ்யத்துக்கு இந்தக் கணக்கு கௌரவமானதா?

"தாய் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளுக்கெதற்குக் காப்பகம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில்தான் தவறு முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பவள் ஓய்வாக இருக்கிறாள் என்று ஆண்கள் எண்ணுகிறோம். வக்கீல் தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து கட்சிக்காரருடன் பேசும்போது, குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, "நீங்கள்தான் வீட்டிலேயே இருக்கிறீர்களே" என்று யாராவது சொல்கிறார்களா? வேலை வேலைதான், அது எந்தக் கூரையின் கீழ் நடந்தாலென்ன? ஆமதாபாத்தில் 1972-ல் ஸ்வாசிரயப் பெண்கள் சங்கத்தை ஸ்தாபித்த ஸ்ரீமதி இளா பட், தாமும் சட்டம் படித்தவர். பீடி சுற்றுகிறவளும் தைக்கிறவளும் வீட்டிலிருந்தாலும் தொழிலாளிகளே என்று அவர் வாழ்நாளெல்லாம் வாதாடினார். அவருடைய சங்கமும் மற்ற தேசத்துச் சங்கங்களும் பாடுபட்டதன் பலனாக, சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996-ல் வீட்டுத் தொழிலாளரைப்பற்றிய 177-வது உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. அந்த வாதம் பிறந்த இந்தியா இதுவரை அந்த உடன்படிக்கையை உறுதிசெய்யவில்லை.

பணத்தை யார் கையில் கொடுக்கவேண்டும் என்பதிலும் பிற தேசங்களின் அனுபவம் நமக்கு உதவும். இங்கிலாந்தில் மிஸ் எலினார் ராத்போன் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர், குழந்தைகளுக்காகக் கொடுக்கும் பணத்தைத் தாயின் கையிலே கொடுக்கவேண்டுமென்று கால் நூற்றாண்டுக்கு மேல் போராடினார். மகாயுத்தம் முடிந்த 1945-ல் குடும்ப உதவிச் சட்டம் நிறைவேறியபோது அவ்வாறே ஆயிற்று. தமிழ் நாட்டில் 2023 செப்டம்பரில், சுமார் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை அளிக்க ஆரம்பித்தபோது, அதே தத்துவம் இங்கே வேரூன்றிற்று. "உதவி" என்னாமல் "உரிமை" என்று பேர் வைத்தது நமக்குப் பிடித்தது. ஆனால் ஆயிரம் ரூபாய் தொட்டிலை ஆட்டாது. பணம் வேறு, நேரம் வேறு. பீடி சுற்றும் தாய்க்குப் பணத்தைவிட அரிய பொருள் நேரம்.

அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்க முடியாதா? முடியும். பக்கத்திலுள்ள கர்நாடகத்தில், கிராம வேலைத் திட்டத்துக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காக, "கூசின மனெ", அதாவது குழந்தையின் வீடு, என்ற பேரில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்கள் வைக்க 2023-ல் திட்டமிட்டார்கள். மத்திய சர்க்காரும் 2022 முதல் "பால்னா" என்ற திட்டத்தில், அங்கன்வாடியையும் காப்பகத்தையும் ஒன்றாக நடத்தப் பணம் கொடுக்க முன்வந்திருக்கிறது. நம் ராஜ்யத்துக்கும் இது அறியாத வித்தையல்ல. 1980-ல் மதுரை ஜில்லாவில் கொட்டாம்பட்டியில் ஆரம்பித்து, உலக பாங்கியின் கடனுதவியோடு நடந்த தமிழ் நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே குறியாக வைத்தது. மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைத் தேடிப்பிடித்து ஊட்டினார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்து மெச்சிப் போனார்கள். ஆகையால் நாம் கேட்பது புதிதல்ல; மறந்துபோனதை நினைவூட்டுகிறோம்.

தென்காசி 2019 நவம்பர் 22-ம் தேதி தனி ஜில்லாவாயிற்று. அதற்கு முன் கலெக்டரைப் பார்க்கவேண்டுமானால் திருநெல்வேலிக்கு முப்பது மைலுக்கு மேல் போகவேண்டியிருந்தது. சர்க்கார் அவ்வளவு தூரத்தையும் தாண்டி வந்துவிட்டது. இனித் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறுவது ஒன்றுதான் பாக்கி. அதற்கு நாம் சொல்லும் யோசனைகள் மூன்று.

முதலாவது, பீடி சுற்றும் ஊர்கள் எவையென்று ஜில்லா உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியும். அந்த ஊர்களில் அங்கன்வாடியோடு சேர்த்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வைக்கவேண்டும். தாய்மார் வேலை செய்யும் நேரமெல்லாம் அது திறந்திருக்கவேண்டும். தாய் வந்து பாலூட்டிப் போகும் தூரத்தில் இருக்கவேண்டும். பார்த்துக்கொள்ள இன்னொரு பெண்ணை நியமிக்கவேண்டும். ஏற்கனவே இரண்டு கையும் நிறைய வேலையுள்ள அங்கன்வாடி ஊழியரின் தலையில் இதையும் கட்டக்கூடாது. காலை உணவை மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தாய்மாரே சமைத்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள். காப்பகத்தையும் அவர்களை நம்பி ஒப்படைக்கலாம்.

இரண்டாவது, யார் கை சுற்றுகிறதோ அவர் பேரில் பாஸ் இருக்கவேண்டும். தொழில் இலாகா ஊரூராக முகாம் போட்டுப் பேர்களைத் திருத்தி எழுதட்டும். பிராவிடெண்டு நிதியும், வைத்திய உதவியும், பிள்ளைகளின் படிப்புதவியும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. பேரில்லாதவளுக்குப் பாத்தியதை ஏது?

மூன்றாவது, மகப்பேறு உதவித் தொகையில் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்னும், பின் வரும் ஆறு மாதத்துக்குள்ளும் தவறாமல் கைக்குக் கிடைக்கவேண்டும். பால் கொடுக்க வேண்டிய மாதங்களில் அவள் சுளகைக் கீழே வைப்பதற்காகத்தான் அந்தப் பணம். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வருவதானால் அதன் நோக்கமே கெட்டுவிடும்.

செலவைப்பற்றி ஆட்சேபிப்பார்கள். 1920-ல் ஓர் அணாவைப்பற்றியும் ஆட்சேபித்தார்கள். வேறோர் ஆட்சேபணையும் வரக்கூடும், அது கவனத்துக்குரியது. பீடி உடம்புக்குக் கேடு. அந்தத் தொழிலே தேயவேண்டியதுதானே, அதற்குக் காப்பகம் கட்டுவானேன் என்று கேட்பார்கள். பீடி கேடென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதைக் குடிக்கிறவனுக்குக் கேடு, சுற்றுகிறவளுக்கும் கேடு, தொட்டிலில் கிடந்து அந்தத் தூளை முகரும் சிசுவுக்கு எல்லாரையும்விடக் கேடு. குழந்தையை அந்த நெடியிலிருந்து பகல் முழுதும் விலக்கிவைக்க வேறு வழி யாராவது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. சுளகிலிருந்து விடுதலைக்கு அது ஒரு வாசல். நாம் பார்த்த திண்ணையின் மூத்த பெண் அந்த வாசல் வழியாக வெளியேறட்டும். ஆனால் கல்லூரி வரை போக வேண்டுமானால் பன்னிரண்டு வருஷம் பள்ளியில் தங்கவேண்டும். தொட்டிலை ஆட்ட ஆளில்லாத வீட்டில் முதலில் பள்ளியை விட்டு நிறுத்தப்படுகிறவள் மூத்த பெண்ணே என்பது கிராமம் அறிந்த ரகசியம். தம்பிக்காக வைக்கும் காப்பகம் அக்காளின் படிப்பையும் காக்கும்.

நாம் திரும்பும்போது அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. தாய் கையிலிருந்த கட்டை முடிக்கும் வரையில் எழுந்திருக்கவில்லை. நாம் தெருமுனை திரும்பும் வரையில் அழுகை காதில் விழுந்துகொண்டிருந்தது. அன்று மாலை அருவிக்கரைக்குப் போக நமக்கு மனம் வரவில்லை.

தென்காசி ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களும், ஜில்லா உத்தியோகஸ்தர்களும், அடுத்த சாரலில் அருவிக்கரை ஏற்பாடுகளைப் பார்வையிட வருவார்கள். வரும்போது கிழக்கே சில மைல் தள்ளிப் போய், ஏதாவதொரு திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எட்டயபுரத்தில் அடுப்பு மூட்டியபோது ஊரார் நெல் கொடுத்தார்கள். இன்றும் ஊருக்கு ஒரு நல்ல கூடமும், ஒரு கிணறும், நாலு நல்ல மனிதர்களும் இல்லாமற் போகவில்லை. சர்க்கார் முன்வந்தால் ஊரார் பின்வாங்க மாட்டார்கள் என்று நாம் நம்புகிறோம்.